கத்தி இருக்கு, காகிதம் இருக்கா?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த மேட்டர். போன ஞாயித்துக்கிழமை பத்திக்கிச்சு.

அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். படிப்பு முடிச்சு ரெண்டு வருஷமா சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டுறான். நல்ல பையன், அதுல சந்தேகமே இல்ல. வந்தவன் காபிக்குக்கூட காத்திருக்காம டைனிங் டேபிள்ல இருந்த ஊறுகாய் பாட்டிலை ஓரமா நகர்த்திட்டு, பையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா அடுக்க ஆரம்பிச்சான். மடக்குக் கத்தி ஒண்ணு. ஸ்க்ரூடிரைவர், குறடு, பாட்டில் ஓப்பனர் எல்லாம் ஒரே கைப்பிடிக்குள்ள மடங்கி உட்கார்ந்திருக்குற மல்டிடூல் ஒண்ணு. பாராசூட் கயித்துல பின்னின கைவளையம். உரசினா பொறி பறக்குற ஒரு கம்பி. எதிராளியோட மண்டையில குத்துற மாதிரி இரும்புல செஞ்ச பேனா. அடுக்கி முடிச்சு, நாற்காலி மேல ஏறி நின்னு, மேல இருந்து ஒரு போட்டோ.

"இதுதான் மாமா என்னோட ஈ.டி.சி."

ஈ.டி.சி.ன்னா எவ்ரிடே கேரி. தினமும் கையோட வச்சுக்குற சாமான். ஊர்ல திடீர்னு ஏதாவது ஆபத்துன்னா இதெல்லாம் உசுரைக் காப்பாத்துமாம். மொத்தம் எவ்வளவுடா ஆச்சுன்னு கேட்டேன். பதினோராயிரம்னான். எங்க வீட்டு ரங்கமணிக்கு, அதாவது எனக்கு, தொண்டையில காபி நின்னுடுச்சு.

காசு அவனோடது, எப்படியோ செலவு பண்ணட்டும். என் கோபம் அது இல்ல. இவன் எந்த ஊர் ஆபத்துக்குத் தயாராகுறான்? அமெரிக்கக் காட்டுல வழி தவறினவனுக்கு வேண்டிய சாமானை வாங்கிக்கிட்டு ஓ.எம்.ஆர்.ல பஸ் ஏறிக்கிட்டிருக்கான். அந்தப் பொறிக் கம்பியையே எடுத்துக்குங்க. வேளச்சேரில இடுப்பளவு தண்ணியில நிக்கறவன் எதைக் கொளுத்தப் போறான்? அப்படியே நெருப்பு வேணும்னாலும் பெட்டிக் கடையில தீப்பெட்டி ரெண்டு ரூபா. கோவில்பட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க. கத்தியை வச்சுக்கிட்டு மெட்ரோ ஸ்டேஷன்ல ஸ்கேனர்ல பையைப் போட்டான்னா, முதல் ஆபத்தே அங்கதான் ஆரம்பிக்கும்.

சென்னையில நமக்கு ஆபத்து எப்படி வந்திருக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மக்களே.

2015 டிசம்பர் 1. தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு ரெண்டு பக்கமும் ஊருக்குள்ள வந்துடுச்சு. ஏர்போர்ட்டை இழுத்து மூடினாங்க. 1878-ல் ஆரம்பிச்ச இந்து பேப்பர் மறுநாள் காலையில அச்சாகல, ஏன்னா ஆளுங்க அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியல. கரண்ட் போச்சு, கரண்ட் போனதால டவர் போச்சு, டவர் போனதால போன் போச்சு. அன்னிக்கு யார் கையிலயும் கத்தி இல்லையேன்னு யாரும் அழுததா நான் கேள்விப்படல. "அம்மா எங்க இருக்காங்கன்னே தெரியல"ன்னு அழுதவங்களை நிறையப் பார்த்தேன்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல். இதுல ஒரு விசேஷம் இருக்கு. 500, 1000 ரூபா நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சு அன்னிக்கு 34-வது நாள். கையில காசு கிடையாது, கார்டைத் தேய்ச்சுக்கோங்கன்னு நாட்டுக்கே பாடம் நடந்துக்கிட்டிருந்த நேரம். ஊர்ல பாதி மரம் ரோட்டுல கிடக்குது, கரண்ட் இல்ல, தேய்க்கிற மெஷின் செத்துப் போச்சு. புதுசா வந்த 2000 ரூபா நோட்டை நீட்டினா அஞ்சு மெழுகுவத்திக்கு யாரு சில்லறை தருவா? அன்னிக்கு எங்க வீட்டைக் காப்பாத்தினது தங்கமணியோட துவரம்பருப்பு டப்பா. பத்து, இருபது, நூறு ரூபாத் தாளா அதுக்குள்ள எண்ணூத்துச் சொச்சம் இருந்துச்சு. அதுவரைக்கும் அந்த டப்பாவைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தவன் நான்தான்.

அதுல பாடம் கத்துக்கிட்டேனா? அதான் இல்ல. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம். மடிப்பாக்கத்துல எங்க தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி. ஷாக் அடிக்கக் கூடாதுன்னு கரண்ட்டை அவங்களே நிறுத்திட்டாங்க. அது சரியான முடிவுதான், குறை சொல்லல. ராத்திரிக்குள்ள போன் செத்துடுச்சு. மறுநாள் பால் வாங்க இறங்கினேன். பர்ஸ்ல நாப்பது ரூபா. மூணு வருஷமா எல்லாத்துக்கும் ஸ்கேன் பண்ணிப் பழகின பவுசு. கடைக்காரர் அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்துட்டு, பழைய நீளமான நோட்டை எடுத்து என் பேரை எழுதிக்கிட்டு ரெண்டு பாக்கெட் கொடுத்தார். தெருவுக்குப் புதுசா குடி வந்தவங்களுக்கு அந்த நோட்டுலயும் இடமில்ல. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, போன்ல ஆயிரக்கணக்குல பணம் இருந்தும், வெறுங்கையோட நின்னுச்சு. அண்ணாச்சி கடைசியில கொடுத்துட்டார்னு வைங்க. கொடுக்காமப் போயிருந்தா அந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்கும்?

அதனால என் சண்டை அக்கா பையனோட மட்டும் இல்ல. இன்னொரு கோஷ்டி இருக்கு. "எதுக்குங்க இதெல்லாம், அதான் போன் இருக்கே"ன்னு சொல்ற கோஷ்டி. டார்ச், பணம், விலாசம், மேப்பு, டிக்கெட்டு, டாக்டர் சீட்டு எல்லாத்தையும் ஒரே சாமானுக்குள்ள போட்டு வச்சுட்டு, அது செத்தா ஒட்டுமொத்தமா அம்போன்னு நிக்கறவங்க. கத்தி கோஷ்டிக்காவது ஆபத்துன்னு ஒண்ணு வரும்ங்கற நினைப்பு இருக்கு. இவங்களுக்கு அதுவும் இல்ல.

இப்ப நான் சொல்லப் போறதை யார்கிட்டயும் அதிகமா சொன்னதில்ல.

2022 செப்டம்பர், ஒரு சாயங்காலம். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோடு. எனக்கு முன்னால போன ஸ்கூட்டர் மண்ணுல சறுக்கி விழுந்துச்சு. ஓட்டினவருக்கு அம்பது வயசு இருக்கும். ஹெல்மெட் இருந்துச்சு, ஆனா நினைவு இல்ல. நாலு பேர் சேர்ந்து ஓரமாக் கிடத்தினோம். 108-க்கு ஒருத்தர் சொன்னார். ரெண்டு பேர் "போலீஸ் கேஸாயிடும்"னு மெல்ல நழுவினாங்க. (இப்ப அந்தப் பயம் தேவையில்லீங்க. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு அதுக்காகவே இருக்கு. உதவி பண்ணினவன் பேரைக்கூட சொல்லணும்னு கட்டாயம் கிடையாது.)

அவரோட போன் ரோட்டுல கிடந்துச்சு. கண்ணாடி சுக்குநூறு. எடுத்துக் கையில வச்சிருக்கும்போதே அடிக்க ஆரம்பிச்சுது. உடைஞ்ச கண்ணாடிக்குப் பின்னால "வீடு"ன்னு தெரியுது. விரலை வச்சுத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், நகர மாட்டேங்குது. நின்னுச்சு. திரும்ப அடிச்சுது. "வீடு". திரும்ப. என் விரல்ல கண்ணாடி கீறி ரத்தம். பதினொரு தடவை. அந்தப் பக்கம் யாரோ ஒருத்தங்க "ஏன் எடுக்க மாட்டேங்கறார்"னு நினைச்சுக்கிட்டிருக்காங்க, இந்தப் பக்கம் நான் அந்தப் பேரைப் பார்த்துக்கிட்டே நிக்கறேன்.

பர்ஸ்ல லைசென்ஸ் இருந்துச்சு. ரத்த வகை கிடைச்சுது. விலாசம் திருநெல்வேலிப் பக்கம், என்னிக்கோ எடுத்தது. வேற ஒரு நம்பரும் இல்ல. கடைசியில சாப்பாட்டுப் பையோட அடியில மடிஞ்சு கிடந்த மருந்துக் கடை பில்லுதான் கை கொடுத்துச்சு. அதுல கடை நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டு பேரைச் சொன்னதும் "அட, நம்ம சாருங்களா"ன்னு பதறி, பையனை சைக்கிள்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. சக்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடறார்னு அவங்க சொன்னதை ஆம்புலன்ஸ்ல வந்த தம்பிகிட்ட சொன்னோம். இதுக்கெல்லாம் முக்கால் மணி நேரம். அந்த மனுஷர் பிழைச்சுட்டார். ஒரு மாசம் கழிச்சு போன் பண்ணி நன்றி சொன்னார். எனக்கு மட்டும் இப்பவும் யார் போனாவது எடுக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா வயித்தைப் பிசையும்.

அன்னிக்கு அவர்கிட்ட இல்லாதது என்ன? கத்தியா? விசிட்டிங் கார்டு அளவுல ஒரு துண்டுக் காகிதம்.

இது ஒண்ணும் புது யோசனை இல்ல. 2005-லயே இங்கிலாந்துல பாப் பிராட்சின்னு ஒரு ஆம்புலன்ஸ்காரர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளோட நம்பரை 'ஐ.சி.இ.'ங்கற பேர்ல போன்ல பதிஞ்சு வைங்கன்னார். அந்த வருஷம் லண்டன்ல குண்டு வெடிச்சப்புறம் உலகம் பூரா பரவிச்சு. அப்ப போனுக்குப் பூட்டு கிடையாது, யார் வேணா திறந்து பார்க்கலாம். இப்பப் பூட்டின போன்லயும் அவசரத் தகவல் தெரியற மாதிரி வைக்கற வசதி வந்திருக்கு. போட்டு வைங்க, நல்லதுதான். ஆனா அந்த ரேடியல் ரோடு போன்ல போட்டிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? விரலே வேலை செய்யலயே.

சரி, ரொம்பப் பேசறியே, உன் பையில என்னதான் இருக்குன்னு கேப்பீங்க. அழகா அடுக்கி போட்டோ எடுக்கிற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர் ஒண்ணு. அதுக்குள்ள பேர், ரத்த வகை, மூணு நம்பர், சாப்பிடற மருந்து எழுதின காகிதம். அம்பதும் நூறுமா அறுநூறு ரூபா. அதை டீ குடிக்கத் தொடறதில்லைன்னு தங்கமணி மேல சத்தியம். மூணு நாள் பி.பி. மாத்திரை. இங்க ஒண்ணு கவனிங்க, கடையில மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பேர் இருக்குற பக்கம் அவங்ககிட்டயே தங்கிடும். நம்ம கைக்கு வர்றது அநாதை மாத்திரை. வெள்ளத்துல முகாம் டாக்டர்கிட்ட போய் "சின்னதா, வெள்ளையா, ரவுண்டா இருக்கும் சார்"னா அவர் என்ன பண்ணுவார்? பேர் இருக்குற பாதியைக் கேட்டு வாங்குங்க. அப்புறம் இருநூறு ரூபா டார்ச், ஒரு விசில், ரெண்டு கடலை மிட்டாய். அதுவும் கோவில்பட்டிதான் :-)

மழைக் காலத்துல கூடவே ஒரு குடை. மடக்குக் குடை இல்ல, தாத்தா குடை. வெள்ளத்துல நடக்கும்போது முன்னால ஊன்றி ஊன்றிப் பார்க்கணும், மூடியில்லாத பாதாளச் சாக்கடை எங்கன்னு தண்ணிக்கு மேல எழுதி ஒட்டியிருக்காது. ரோட்டோர மின்சாரப் பெட்டி பக்கம் மட்டும் குடையோடயும் போகாதீங்க, குடை இல்லாமயும் போகாதீங்க.

இதுல எதுவும் என் கண்டுபிடிப்பு இல்ல. எங்க ஆச்சியோட சுருக்குப் பையில சில்லறை, நூல் கண்டு, ஊசி, தைல டப்பா, மடிச்ச விலாசச் சீட்டு எல்லாம் இருந்துச்சு. எங்கம்மா தாலிக்கொடியில எப்பவும் ரெண்டு ஊக்கு தொங்கும். பள்ளிக்கூட வாசல்ல என் செருப்பு வார் அறுந்தப்ப அதுல ஒண்ணுதான் கழண்டு வந்துச்சு. தங்கமணி ஹேண்ட்பேக்கை "குப்பைத் தொட்டி"ன்னு கிண்டல் பண்ணுவோம். தலை வலிச்சா, குழந்தை வாந்தி எடுத்தா, கையில ரத்தம் வந்தா கை தன்னால அங்கதான் போகும். இந்தப் பொம்பளைங்க யாரும் அதுக்கு ஈ.டி.சி.ன்னு பேர் வைக்கல, நாற்காலி மேல ஏறிப் போட்டோ எடுக்கல. இன்னொரு வித்தியாசமும் இருக்கு. அக்கா பையன் பையில இருக்குறது முழுக்க அவனுக்கு. எவனோ தாக்க வருவான், எல்லாரும் விட்டுட்டு ஓடிடுவாங்க, தனியா நின்னு ஜெயிக்கணும்ங்கற கணக்கு. ஹேண்ட்பேக்ல இருக்குறதுல பாதி பக்கத்துல நிக்கறவங்களுக்கு. 2015-ல் படகை எடுத்துக்கிட்டு வந்த மீனவங்களை நினைச்சுப் பாருங்க, எந்தக் கணக்கு நம்ம ஊருக்குச் சரியா வரும்னு தெரியும்.

டார்ச்சையும் மல்டிடூலையும் நான் திட்டல. அந்தக் குறடு நல்ல குறடு, எங்க வீட்டு குக்கர் கைப்பிடியை அன்னிக்கே அதுலதான் முடுக்கினான். எடுத்து வைக்கிற வரிசைதான் எனக்குக் கோளாறாத் தெரியுது. பதினோராயிரத்துக்கு வாங்கினவன் ஒத்தை ரூபாச் செலவில்லாத முதல் சாமானை வாங்காம விட்டிருக்கான்.

அவனையே கேட்டேன். "டேய், போனைப் பார்க்காம உங்கம்மா நம்பரைச் சொல்லு."

சிரிச்சான். "என்ன மாமா, 98410..." அப்படின்னு ஆரம்பிச்சான். அங்கயே நின்னுட்டான். கண்ணை மேல தூக்கி ஃபேனைப் பார்த்தான். கை தானா பேன்ட் பாக்கெட்டுக்குப் போச்சு.

பேசாம தங்கமணிகிட்ட ஒரு பேப்பரும் பேனாவும் கேட்டேன்.

பி.கு.: ஜெல் பேனாவுல எழுதாதீங்க, தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிடும். சாதா பால்பாயின்ட் பேனா போதும், பென்சில்னா இன்னும் நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, எடுத்துப் பாருங்க. என்னோடதுல போன அக்டோபர்ல பார்த்தா, ஒரு நம்பர் மாறிப் போயிருந்துச்சு.