கதவு மூடியது, கல்லாப்பெட்டி மூடவில்லை!

அமெரிக்கா என்றதும் நமக்கு டாலரும் வெடிகுண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அமெரிக்கா ஒன்றல்ல, இரண்டு. வால் ஸ்ட்ரீட் கோடீஸ்வரர்களின் அமெரிக்கா ஒன்று. உழைத்துப் பிழைப்போரின் அமெரிக்கா மற்றொன்று. இந்த இரண்டாவது அமெரிக்காவின் கோபத்தை மின்சார கிட்டாரில் ஏற்றிப் பாடிய ஓர் இசைக்குழுவைப் பற்றி நம் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

குழுவின் பெயர் 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மிஷின்'. யந்திரத்தின் மீது சீற்றம் என்று பொருள். மில் தொழிலாளித் தோழர்கள் திகைக்க வேண்டாம். தறியையும் கதிரையும் உடைக்கச் சொல்லும் பெயரல்ல இது. மனிதனை அரைத்து லாபம் பிழிகிற சமுதாய அமைப்பைத்தான் அவர்கள் யந்திரம் என்றார்கள்.

1991ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குழு உருவாயிற்று. பாட்டு ஸாக் டி லா ரோச்சா. கிட்டார் டாம் மொரெல்லோ. பேஸ் கிட்டார் டிம் கமர்ஃபோர்ட். டிரம் பிராட் வில்க். 1992ல் முதல் இசைத்தட்டு வந்தது. அதன் அட்டையில் இருந்தது என்ன படம்? 1963ல் சைகோன் நகரில், அமெரிக்காவின் தயவில் ஆண்ட தியெம் சர்க்காரின் கொடுமையை எதிர்த்து நடுத்தெருவில் தீக்குளித்த புத்த பிக்கு திக் குவாங் டுக்கின் படம்! 1996லும் 1999லும் வந்த தட்டுகள் வெளியானவுடன் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 2000ல் பிறர் பாடல்களைப் பாடி நான்காவது தட்டு வந்தது. அதில் ஒரு பாடல் டாம் ஜோட் பெயரைத் தாங்கியது. ஜோட் யார்? குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, கலிபோர்னியாப் பழத்தோட்டங்களில் கூலியாட்களாகிற குடும்பத்தின் மகன்; ஸ்டீன்பெக் நாவலின் நாயகன்.

பாட்டோடு அவர்கள் நிற்கவில்லை. தையல் தொழிலாளரைக் கசக்கிப் பிழிந்த ஓர் ஆடைக் கம்பெனியை எதிர்த்து 1997 டிசம்பரில் நடந்த மறியலில் மொரெல்லோ கைதானார். 2000 ஜனவரி 26ல் நியூயார்க் பங்கு மார்க்கெட்டின் வாசலிலேயே பாடினார்கள். பயந்துபோன நிர்வாகம் பெருங்கதவுகளை இழுத்து மூடியது! அதே ஆண்டு ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான மக்கள் முன் பாடினார்கள். அன்றிரவு கூட்டத்தின் மீது போலீசார் ரப்பர் குண்டு சுட்டனர்.

சரி, நாணயத்தின் மறுபக்கம் என்ன? இந்த இசைத்தட்டுகளை விற்றது யார்? சோனி என்ற பகாசுர ஏகபோகத்தின் கிளையான எபிக் கம்பெனி! முதல் தட்டு அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் போயிற்று. முதலாளியை எதிர்த்துப் பாடினார்கள். முதலாளி லாபம் எண்ணினான். 2009 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் நடந்த கூத்தைப் பாருங்கள். தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்தவரின் பாட்டு ஆண்டுதோறும் முதலிடம் பெறுவதில் வெறுத்துப்போன ஜனங்கள், இக்குழுவின் 1992ம் ஆண்டுப் பாட்டை 5 லட்சம் பிரதிகள் வாங்கி அதை முதலிடத்தில் ஏற்றினார்கள். மகத்தான எதிர்ப்புத்தான். ஆனால் தோற்ற பாட்டும் சோனியுடையது, ஜெயித்த பாட்டும் சோனியுடையது! தங்களுக்கு வந்த பணத்தைக் குழுவினர் வீடற்றோருக்கு உதவும் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டு லண்டனில் கட்டணமின்றிப் பாடினார்கள். அவர்களுடைய நேர்மையில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆகவே இவர்கள் வேஷதாரிகள் என்று சிலர் சொல்வதை நாம் ஏற்கவில்லை. கோடிக்கணக்கான காதுகளுக்கு எட்டும் குழாய் முதலாளி கையில் இருக்கும்போது, அதன் வழியாகவே உண்மையைப் பாய்ச்சியது குற்றமாகாது. முதலாளியின் அச்சு யந்திரத்தில் நம் துண்டுப் பிரசுரம் அச்சாவதில்லையா?

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பங்கு மார்க்கெட்டின் கதவு அன்று மூடிய பிறகும் உள்ளே வியாபாரம் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. வாசலில் நின்று பாடியவர்களால் கதவைத்தான் மூட வைக்க முடிந்தது. வியாபாரத்தை நிறுத்தும் சக்தி, உள்ளே வேலை செய்யும் கைகளுக்கே உண்டு. அந்தக் கைகள் ஒன்றுசேர்ந்தால்தான் உண்டு.

ஒன்றுசேர்வது அந்த நால்வருக்கே கைகூடவில்லை. 2000 அக்டோபரில் டி லா ரோச்சா விலகினார். கூடி முடிவெடுக்கும் முறை தோற்றுவிட்டது என்பதே அவர் சொன்ன காரணம். 2007ல் மீண்டும் கூடினார்கள், மேடையேறினார்கள். ஆனால் புதிய இசைத்தட்டு வரவேயில்லை. இனி குழு மேடையேறாது என்று 2024 ஜனவரியில் வில்க் அறிவித்துவிட்டார்.

பாட்டு, தூங்குகிறவனைத் தட்டி எழுப்பும். எழுந்தவனுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். கூடிப் பேச இடம் வேண்டும். எடுத்த முடிவில் நிலைத்து நிற்கக் கட்டுப்பாடு வேண்டும். அதைத் தருவது சங்கம். நல்ல பாட்டைக் கேளுங்கள், தோழர்களே! கேட்ட சூடு ஆறுவதற்குள் சங்கத்துக்கு வாருங்கள்!