சுங்கம் உண்டு, கணக்கு இல்லை

மும்பை மாநகரின் ஐந்து நுழைவாயில்களிலும் கார் உள்ளிட்ட இலகுரக வாகனங்களுக்குச் சுங்கக் கட்டணம் ரத்து செய்யப்படுவதாக மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபர் 14-ம் தேதி முடிவெடுத்தது. அன்று நள்ளிரவிலேயே சலுகை அமலுக்கு வந்தது. மறுநாள் சட்டப் பேரவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. முடிவின் நோக்கத்தை விளக்கத் தேவையில்லை.

ஒரு காருக்கு ரூ. 45 மிச்சம் என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால், வசூல் உரிமையை ஏற்கெனவே ஒப்பந்ததாரரிடம் விற்றுவிட்ட அரசு, அவரது இழப்பை ஈடுகட்டியாக வேண்டும். கார் வைத்திருப்பவருக்கான சலுகைக்கு, காரே இல்லாதவரின் வரிப்பணம் போகிறது. லாரிகளுக்கோ விலக்கு இல்லை.

இந்தச் சுங்கம் வந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மும்பையில் 50-க்கும் மேற்பட்ட மேம்பாலங்களைக் கட்ட 1990-களின் பிற்பகுதியில் அரசிடம் பணம் இல்லை. 1996-ல் உருவாக்கப்பட்ட மாநில சாலை மேம்பாட்டுக் கழகம் கடன் வாங்கிக் கட்டியது; கடனை அடைக்கச் சுங்கம் விதித்தது. பயன்படுத்துபவர் பணம் தருவது நியாயமே. கடன் எப்போது அடையும், அதன் பிறகு வசூல் எதற்கு என்ற கேள்விகளுக்குத்தான் பொதுமக்களுக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

அதே கழகம் சுமார் ரூ. 1,600 கோடியில் அமைத்த மும்பை - புணே விரைவுச் சாலை, 2002-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதையும் பழைய மும்பை - புணே சாலையையும் சேர்த்து 15 ஆண்டுகளுக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமை, 2004-ல் ரூ. 918 கோடிக்குத் தனியாருக்குத் தரப்பட்டது. 2019-ல் ஒப்பந்தம் முடிந்தபோது சுங்கம் முடியவில்லை. 2020-ல் ரூ. 8,262 கோடிக்குப் புதிய ஒப்பந்தம், 2030 வரை. 2023 ஏப்ரலில் கார் கட்டணம் ரூ. 270-லிருந்து ரூ. 320 ஆயிற்று. சாலை எப்போதோ தன் விலையை ஈட்டிவிட்டதோ என்ற சந்தேகம் மக்களுக்கு எழுந்தால், அதற்கு யார் பொறுப்பு?

தில்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. பாலச் சாலையின் கதை இன்னும் விசித்திரமானது. ஆண்டுக்கு 20 சதவீத லாபம் நிறுவனத்துக்கு உறுதி. அது கிடைக்காவிட்டால் பற்றாக்குறை, திட்டச் செலவோடு சேர்ந்துவிடும். வசூலிக்க வசூலிக்கப் பாக்கி வளர்ந்த அதிசயம் இது! அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2016-ல் அந்தச் சுங்கத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது. அரசு முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டிய கணக்கை நீதிமன்றம் பார்க்க நேர்ந்தது.

சுங்கம் என்பது கட்டிய கடனுக்கு மட்டுமல்ல, பராமரிப்புக்கும், பயணியின் உயிருக்கும் சேர்த்துத்தான். மும்பை - புணே விரைவுச் சாலையில் 2016-ல் மட்டும் 151 பேர் இறந்தனர். தடுப்பு வேலிகளைச் சீர்செய்தல், ஓரத்துக் கான்கிரீட் இடர்களை மறைத்தல், மீட்பு உதவியை விரைவுபடுத்துதல் போன்ற பணிகள் தொடங்கிய பின், 2023-க்குள் உயிரிழப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. இவை எல்லாம் புதிய பாலம் கட்டும் அளவுக்குச் செலவு பிடிப்பவை அல்ல. சுங்கம் வசூலிக்கத் தொடங்கிய நாளிலேயே செய்திருக்கலாம்.

அந்தப் பாடம் நாகபுரி - மும்பை 'சம்ருத்தி' சாலைக்கு எட்டவில்லை. 701 கி.மீ. நீளச் சாலையில் முதல் 520 கி.மீ. 2022 டிசம்பரில் திறக்கப்பட்டு வசூலும் தொடங்கியது. பெட்ரோல் நிலையம், கழிப்பறை, ஓய்விடம் ஆகியவை போதுமான அளவில் பின்தொடரவில்லை. நேர்கோடாக நீளும் சாலையில் ஓட்டுநர் இறங்கி முகம் கழுவ இடமின்றி மணிக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும்? 2023 ஜூலை 1-ம் தேதி புல்தானா மாவட்டத்தில் பேருந்து தீப்பிடித்து 25 பேர் கருகினர்.

இச் சாலையின் கடைசிப் பகுதி 2025 ஜூனில் திறக்கப்பட்டது. புணே சாலையின் தற்போதைய ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இதுவரை வசூலானது எவ்வளவு, பராமரிப்புக்குச் செலவானது எவ்வளவு, மிச்சக் கடன் எவ்வளவு என்பதை மகாராஷ்டிர அரசு சட்டப் பேரவையில் வைக்கட்டும். கட்டணப் பட்டியல் தொங்கும் சுங்கச்சாவடிகளில் அந்தக் கணக்கையும் எழுதி வைக்க இடமில்லாமல் போகாது.