அப்டேட் யார் கையில்?

வேர்ட்பிரஸ் தளங்களில் கூடுதல் தகவல் பெட்டிகளைச் சேர்க்க உதவும் ‘அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ செருகுநிரல் 2011-இல் வெளிவந்தது. இருபது லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் அதை நிறுவியிருந்தன. 2024 அக்டோபர் 12-க்குப் பிறகு, தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருந்த தளங்களில் அது ‘செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ ஆக மாறிவிட்டது. தளக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

செருகுநிரலை அப்போது வைத்திருந்தது டபிள்யூபி எஞ்சின் நிறுவனம். அதற்கும் வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக்கிற்கும் தகராறு முற்றியிருந்தது. செப்டம்பர் இறுதியில் வேர்ட்பிரஸின் பொதுக் கிடங்கு அந்த நிறுவனத்துக்குக் கதவைச் சாத்தியது. அடுத்ததாக, பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வதாகவும் வணிக விளம்பரங்களை நீக்குவதாகவும் சொல்லி, செருகுநிரலையே தன் கையில் எடுத்துக்கொண்டது.

நிரலை நகலெடுத்து வேறு பெயரில் வெளியிடுவதில் தவறே இல்லை. ஜிபிஎல் உரிமம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் கிடங்கில் அந்தச் செருகுநிரலுக்கு இருந்த பழைய முகவரியிலேயே புதியதை வைத்தார்கள். பயனர் நம்பி வந்த முகவரி அது. அதில் கைவைத்தது அநியாயம். டிசம்பர் 10 அன்று கலிஃபோர்னிய கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபின் முகவரி டபிள்யூபி எஞ்சினுக்குத் திரும்பக் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பணம் கட்டி வாங்கும் ‘ப்ரோ’ பதிப்புக்கு எந்தச் சேதமும் இல்லை. அதன் அப்டேட்கள் தயாரிப்பாளரின் சொந்த சர்வரிலிருந்தே போய்க்கொண்டிருந்தன.

அதே ஆண்டு செப்டம்பரில் ரேமண்ட் ஹில்லும் இப்படித் தானே நேரடியாக வழங்கும் முடிவுக்குத்தான் வந்தார். அவருடைய விளம்பரத் தடுப்பான் ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’ விதிகளை மீறுகிறது என்று மொஸில்லாவின் பரிசோதனையில் சொல்லப்பட்டது. பிறகு தவறு தங்களுடையது என்று மொஸில்லா ஒப்புக்கொண்டது. ஹில் மொஸில்லாவின் நீட்சிக் கடைக்குத் திரும்பாமல் கிட்ஹப்பிலிருந்து நேரடியாக வழங்கத் தொடங்கினார். இருந்தாலும் ஃபயர்பாக்ஸில் நிறுவ மொஸில்லாவின் டிஜிட்டல் கையொப்பம் தேவை. முழு விடுதலை என்று சொல்ல முடியாது.

கடைகள் வேண்டாம் என்பதல்ல. புதிய பயனர் ஒருவர் தேடி வருவது அங்கேதான். ஓரளவு சோதனையும் அங்கே நடக்கிறது. ஆனால் அந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற குரோம் நீட்சி 2020-இல் கைமாறியது. அதன்பின் கடையில் வந்த ஒரு பதிப்புக்குரிய வெளியீடு கிட்ஹப்பில் இல்லை. நிரல் திறந்தே இருந்தது, பயனர் கணினியில் ஓடியதோ வேறு. தீங்கான நிரல் என்று சொல்லி கூகுள் அதை நீக்கியபோது 2021 பிப்ரவரி ஆகியிருந்தது.

உரிமம் எது என்று வாரக்கணக்கில் யோசிக்கும் நிரலர்கள், அப்டேட் எந்தச் சர்வரிலிருந்து போகும், கணக்கின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முதல் வெளியீட்டுக்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். வேர்ட்பிரஸ் உலகில் சிலர் இதற்கு வழிதேடத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கிடங்கை நம்பியிருக்காமல், கையொப்பமிட்ட செருகுநிரல்களைப் பல இடங்களிலிருந்து பெற வழிசெய்யும் ‘ஃபேர்’ திட்டம் 2025 ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அறிவிக்கப்பட்டது.