“இரு, அம்மாவிடம் கொடுக்கிறேன்”

மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்துத் தள்ளிய ஈசன் குடிகொண்ட திருக்கடையூரில், அறுபது நிறைந்த தம்பதிகள் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் புடைசூழ மணிவிழா நடத்திக்கொள்ளும் காட்சியை அடிக்கடி காணலாம். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருஷங்களும் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்து, பிறந்த வருஷத்தின் பெயரே மறுபடியும் பஞ்சாங்கத்தில் வந்து நிற்பதால், அந்த மனிதர் அன்றைக்குப் புதிதாகப் பிறந்தவராகிறார் என்பது ஐதீகம். எங்கள் தகப்பனாருக்கும் அங்கேதான் செய்தோம். கலச நீர் தலையிலிருந்து சொட்டச் சொட்ட, ஈர வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, நமஸ்கரித்து எழுந்த என் காதோரம் குனிந்து அவர் வழங்கிய ஆசீர்வாதம் இதுதான்: “வேன் டிரைவர் இன்னும் சாப்பிடலடா, போய்ப் பாரு.” பிற்பாடு விசாரித்ததில், பிள்ளைகள் நாங்கள் நடத்திவைத்ததாகப் பெருமை கொண்டாடிய அந்த வைபவத்தின் செலவில் பாதிக்கு மேல் அவருடைய சேமிப்பிலிருந்தே போயிருந்தது என்பதும் தெரியவந்தது.

ஆயுள் முழுவதும் கொடுக்கும் ஸ்தானத்திலேயே இருந்து பழகிவிட்ட ஒருவருக்கு எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஸ்போகேன் நகரத்துச் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணி, 1909-இல் தேவாலயத்தில் அன்னையர் தினப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது, தாயை இழந்த தம்மையும் தம் தம்பிமார் ஐவரையும் ஆளாக்கிய தகப்பனாரின் நினைவு வந்து, அவரைப் போன்றோருக்கும் ஒரு நாள் வேண்டுமென்று எண்ணி, ஊராரைப் பார்த்துப் பேசி, 1910 ஜூன் 19 அன்று முதல் தந்தையர் தினத்தை அங்கே நடத்தவும் செய்தார். ஆனால் அன்னையர் தினத்துக்கு 1914-லேயே கிடைத்துவிட்ட அரசாங்க அங்கீகாரம், தந்தையர் தினத்துக்குச் சட்டமாக வந்து சேர 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வருஷம்! இந்தத் தாமதத்தைக் குறித்து எந்தத் தகப்பனாரும் புகார் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

தந்தையர் தினமாகிய ஜூன் மாதத்து மூன்றாவது ஞாயிறு இப்போது நம் ஊர் ஜவுளிக்கடைகளுக்கும் தெரிந்துவிட்டது. அதை இறக்குமதிச் சரக்கு என்று பழிக்கும் கோஷ்டியில் நான் சேரமாட்டேன்; நல்லதற்கு எந்தத் தேசத்து நாளாயிருந்தால் என்ன? என் ஆட்சேபம் சட்டையின் மீதுதான். சென்ற வருஷம் அந்த நாளுக்காகத் தகப்பனாருக்கு வாங்கித் தந்த சட்டை, கழுத்துப்பட்டையில் செருகிய அட்டையும் குண்டூசியும்கூட எடுக்கப்படாமல், பீரோவில் அந்துருண்டை வாசனையோடு படுத்திருக்கிறது. “விசேஷத்துக்குப் போட்டுக்கலாம்” என்பார். அவருடைய அகராதியில் அந்த விசேஷம் பெரும்பாலும் பிறர் வீட்டுக் கல்யாணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் இராமேசுவரத்து அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லாமல் கூடி, மறைந்த தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாம், வீட்டுக்கு வந்து இலை போட்டு அவருக்குப் பிடித்த பதார்த்தம் இன்னதென்று ஞாபகப்படுத்திச் சமைத்துப் படைக்கிறோம். உயிரோடு இருப்பவரிடம் அதைக் கேட்டவர் யார்? கேட்டாலும் “எது இருந்தாலும் சரி” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலோடு திருப்தியடைந்து அடுக்களைக்குத் திரும்பிவிடாமல், இன்னும் இரண்டு முறை கேட்பதற்கு யாரேனும் முன்வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே தந்தையர் தினமாகிவிடும். தகப்பன்மார் அத்தனை பேரும் பூஜைக்கு உரியவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. தகப்பனால் அல்லற்பட்ட பிள்ளைகளும் உண்டு. தகப்பன் ஸ்தானத்தில் தாய்மாமனோ தமையனோ நின்று வளர்த்த பிள்ளைகளும் உண்டு. பின்னவர்கள் அந்த மாமனிடமும் தமையனிடமும் போய்க் கேட்கட்டும்.

கேட்பது என்கிறேனே, அதுதான் நம் குடும்பங்களில் அரிதாகிவிட்ட காரியம். சுவாமிமலையில் பிள்ளை பிரணவப் பொருளை உபதேசிக்கத் தகப்பன் சீடனாகக் கேட்டுக்கொண்டதைத் தலபுராணமாக்கிப் போற்றுகிறோம்; தகப்பன் சொல்லப் பிள்ளை வாய் பொத்திக் கேட்கும் காட்சியோ எங்கும் தென்படவில்லை. பணம் வேண்டுமென்றாலும், வேலையை விடுவதென்றாலும், ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாலும் அம்மா வழியாகவே தூது போகிறது. தொலைபேசியில் அழைத்தால், தப்பித் தவறி அவர் எடுத்துவிட்டால், “சாப்பிட்டியா?” என்ற ஒற்றைக் கேள்விக்குப் பின் “இரு, அம்மாவிடம் கொடுக்கிறேன்” என்று கை மாற்றிவிடுகிறார். அதை அவருடைய சுபாவம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். நாங்கள் பழக்கிவைத்தது அது.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போன அம்மா மழையில் அங்கேயே தங்கிவிட, திண்ணையில் நாங்கள் இருவர் மட்டும், நடுவே தூதர் இல்லாமல், உட்கார்ந்திருக்கும்படி நேர்ந்துவிட்டது. அவர் முப்பத்து மூன்று வருஷம் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதியவர். வேறு பேச்சுத் தோன்றாமல், “அப்பா, நெல்லு ஈரமா காய்ஞ்சதான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்று கேட்டுவைத்தேன். பணம் ஏதாவது தேவைப்படுகிறதோ என்ற சந்தேகத்தோடுதான் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, இல்லாத ஒரு பிடி நெல்லை இடது உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, அதில் ஒன்றைப் பொறுக்கிக் கடைவாயில் வைத்து, “காய்ஞ்சிருந்தா ‘கடக்’குன்னு ரெண்டா முறியும்டா. ஈரம் இருந்தா நசுங்கும், சத்தமே வராது” என்றார். கணக்குப்பிள்ளையாகவே நான் அறிந்திருந்த அவரை, மூட்டை வந்து இறங்கும்போதெல்லாம் முதலாளி வண்டியடிக்கு அழைத்துப்போவாராம். மண்டியில் வேறெவர் பல்லையும் நம்பமாட்டாராம். நாற்பத்தொரு வயதில்தான் எனக்கு இது தெரிந்தது. மழை விட்ட பின்னும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் இரவு நகரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தேன். அவர்தான் எடுத்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. “நேத்து ஒண்ணை விட்டுட்டேன்டா, அந்தத் தராசுக்காரன் கதை” என்று ஆரம்பித்தார், பின்னாலிருந்து அம்மா, “யாரு? யாரு போன்ல?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.