டிகிரி, டிப்ளமோ முடிச்சாச்சு... 30 வயசுல மறுபடி படிக்க எங்கே போறது?

2014 நவம்பர் 1. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையின் உற்பத்தி நின்றது. 2006இல் தொடங்கிய அந்த ஆலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. வேலையிழந்தவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம்.

எட்டு வருஷம் கழித்து, 2022இல் மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தி நின்றது.

அதற்காக அந்த வட்டாரம் காலியாகிவிடவில்லை. நோக்கியா விட்டுப்போன ஆலையை சால்காம்ப் வாங்கியது. இப்போது அங்கே சார்ஜர் தயாராகிறது. பக்கத்தில் ஐபோன் அசெம்பிளி. ஓசூர் பக்கம் மின்சார ஸ்கூட்டர். ஒரு வேலை போனால் இன்னொரு வேலை வருகிறது. ஆனால், பழைய வேலைக்குத் தெரிந்த தொழில் புதிய வேலைக்குப் போதவில்லை. பெட்ரோல் இன்ஜின் லைனில் பத்து வருஷம் நின்ற ஒருவர், பேட்டரி பேக் பற்றிக் கற்றுக்கொள்ள எங்கே போவார்?

சமுதாயக் கல்லூரி என்பது என்ன?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பழைய பதில் உண்டு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் ஒரு இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. அங்கே சமுதாயக் கல்லூரிகளின் கதை அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இவற்றின் அடையாளம் நான்கு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கட்டணம் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கலாம், வயது தடையில்லை. இரண்டு வருஷம் முடித்ததும் வேலைக்குப் போகலாம். விருப்பம் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு மாறி டிகிரியையும் முடிக்கலாம்.

டென்னசி மாநிலம் 2015இல் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. முக்கியமான விஷயம் அதற்கு அடுத்து நடந்தது. 2018இல், டிகிரி இல்லாத பெரியவர்களுக்கும் அதே சலுகையை நீட்டித்தது.

அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. சேர்கிறவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாற ஆசைப்பட்டு, மாற முடியாமல் போகிறவர்களும் அதிகம். ஆனாலும், 'வயசாயிடுச்சு, இனி எதுக்குப் படிப்பு' என்று யாரையும் திருப்பி அனுப்பாத ஒரு இடம் ஊருக்கு ஊர் இருக்கிறது.

நம்ம ஊர்ல இல்லையா?

இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995லேயே சமுதாயக் கல்லூரி தொடங்கிவிட்டது. தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பல இடங்களில் வந்தன. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது.

ஆனால் 'சமுதாயக் கல்லூரி'ன்னு ஒரு சொந்தக்காரரிடம் சொன்னால், "அது என்ன காலேஜ்?" என்பதுதான் அடுத்த கேள்வி.

நடைமுறையில் இங்கே அந்த வேலையைச் செய்பவை ஐடிஐக்களும் பாலிடெக்னிக்குகளும்தான். 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோ, சிஎன்சி, மின்சார வாகனம் என இன்றைய ஆலையில் இருப்பவை அங்கே பயிற்சிக்கு வந்துவிட்டன. வயதும் பெரிய தடை இல்லை: ஐடிஐயில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது.

அப்புறம் என்ன பிரச்சினை?

முதலாவது, நேரம். பயிற்சி பெரும்பாலும் பகல் நேரத்தில். இஎம்ஐ கட்டுகிற, குழந்தை இருக்கிற ஒருவர் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சம்பளம் இல்லாமல் பகலில் வகுப்பில் உட்கார முடியாது. விதிப்படி திறந்திருக்கும் கதவு, அவரைப் பொறுத்தவரை மூடிய கதவுதான்.

இரண்டாவது, பணம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை. ஆனால் தொலைதூரக் கல்விக்கு அந்தப் பணம் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்கு எட்டக்கூடியது பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது, அளவுகோல். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 சதவீதம், தேசிய சராசரி 28.4 என்று 2021-22 ஆய்வு சொன்னது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது 18 முதல் 23 வயது மக்கள்தொகையை வைத்துப் போடப்படும் கணக்கு. 31 வயதில் மறுபடி படிக்க நினைப்பவரை மனதில் வைத்து உருவானதல்ல.

யூடியூப் இருக்கே?

ஆன்லைன் கோர்ஸ் இருக்கும்போது கல்லூரி எதற்கு என்று கேட்கலாம். கோடிங்குக்கு அது ஓரளவு சரி. உயர் மின்னழுத்த பேட்டரியைப் பாதுகாப்பாகக் கழற்றுவதை செல்போனில் பார்த்துக் கற்க முடியாது. இயந்திரம் வேண்டும், பக்கத்தில் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

கம்பெனியே பயிற்சி தருமே என்ற வாதமும் உண்டு. தரும், தன் லைனுக்குத் தேவையானதை மட்டும். அந்த லைன் மூடினால், அடுத்த கம்பெனியில் காட்ட கையில் சான்றிதழ் இருக்காது. 2014இல் ஸ்ரீபெரும்புதூரில் பலரும் தவித்தது அப்படித்தான்.

என்ன செய்யலாம்?

புதுக் கட்டடம் தேவையில்லை. அந்த 71 ஐடிஐக்களில் மாலை 6 முதல் 9 வரை இயந்திரங்களை ஓட விடலாம். 25 வயதைத் தாண்டிப் படிக்க வருபவர்களுக்கும் உதவித்தொகையைத் திறக்கலாம். மாலையில் முடித்த சிறு படிப்புகள் ஒவ்வொன்றும் பின்னால் டிப்ளமோவில் மதிப்பெண்ணாகச் சேர வேண்டும். அதற்கான கிரெடிட் வங்கி 2021லேயே வந்துவிட்டது. பல்கலைக்கழகங்களும் பாலிடெக்னிக்குகளும் அதை மதித்தால் போதும்.

கடைசியாக ஒன்று, அரசால் மட்டும் முடியாதது. 'மார்க் வரலைன்னா ஐடிஐ' என்று வீட்டில் சொல்லும் பழக்கம் மாற வேண்டும். இன்று ஐடி கம்பெனியில் உட்கார்ந்திருப்பவருக்கும் நாளை இந்த மாலை வகுப்பு தேவைப்படலாம். அவர் வேலையும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.