ஏடும் ஓடும்

அண்மையில் யான் கற்றவை பல. நெஞ்சைவிட்டு நீங்காத செய்திகள் மூன்று.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தலைப்பால் வடசொல்லாயினும் உள்ளே கனல். கரிவலம்வந்தநல்லூரில் பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்ட கொடுமையைப் படித்துப் பதைத்தேன்.

2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அகழாய்வு நூலோ, நம் சிவகங்கை மாவட்டத்துப் பானையோட்டில் 'ஆதன்' எனும் பெயரைக் காட்டி என்னை நிமிரச் செய்தது.

கோட்டையூர் ரோசா முத்தையா வாழ்நாளெல்லாம் தொகுத்த நூல்களை, அவர் மறைவுக்குப்பின் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கிக் காத்த வரலாற்றைப் படித்தபோது நாணினேன்.

ஏட்டைத் தீ தின்றது. ஓட்டை மண் காத்தது. நூலை அயலார் காத்தனர். நாம் எதைக் காத்தோம்?

செட்டிநாட்டீர்! நும் வீட்டுப் பரணில் கரையானுக்கு இரையாகும் நூல்களை இன்றே எடுமின், படிமின், இயலாதேல் நூலகத்திற்கேனும் வழங்குமின்!