கேட்டா 1 லட்சம்... வாங்கத்தான் ஆளைக் காணோம்! செஞ்சி பக்கம் தூங்கும் ஆர்.எக்ஸ். 100 பைக்குகள்

செஞ்சி: குதிரைக்குப் பேர் போன ஊர் செஞ்சி. டெல்லி பாதுஷாவின் முரட்டுக் குதிரையை அடக்கிய தேசிங்கு ராஜன் கதை தெரியாதவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. 1714-ல் ஆற்காடு நவாப் படையோடு மோதி அவர் உயிரை விட்டார். அவர் கும்பிட்ட ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் சிங்கவரத்தில் இன்றைக்கு இளவட்டங்களிடம் குதிரை என்றால் அர்த்தமே வேறு. 98 சி.சி. இன்ஜின், 11 குதிரை சக்தி, கிக்கரை உதைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். அதாங்க, யமஹா ஆர்.எக்ஸ். 100!

இந்த வண்டிக்குத்தான் இப்போது வினோதமான நிலைமை. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆனால் வண்டி மட்டும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டேங்குது. மாட்டுக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்த வண்டியைத் துடைத்து, பெயின்ட் அடித்து, "1 லட்சத்துக்கு ஒரு ரூபா குறையாது" என்று நிறுத்துகிறார்கள். பார்க்க 10 பேர் வருகிறார்கள். ஓட்டிப் பார்க்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போய்விடுகிறார்கள். அட்வான்ஸ் கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

என்னதான் ஆச்சு?

மவுசு வந்த கதை

1985-ம் ஆண்டு கடைசியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு கைகோர்த்து இந்த வண்டியை இறக்கியது. அப்போது விலை 20 ஆயிரம் ரூபாய்க்குள். எடை குறைவு, இழுவை அதிகம். போலீஸ்காரர் முதல் பால்காரர் வரை எல்லோரும் ஓட்டினார்கள். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் 1996-ல் உற்பத்தி நின்றது. அதே குடும்பத்தின் ஆர்.எக்ஸ். 135 மட்டும் 2005 வரை தாக்குப்பிடித்தது.

நிறுத்திய பிறகுதான் கிராக்கி ஏறியது. டூ ஸ்ட்ரோக் வண்டி இனிமேல் வராது என்பது உறுதியானது. 2018-ல் இந்தப் பெயரிலேயே தெலுங்குப் படம் ஒன்று வந்து ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிமுறை வந்தது. "இதுக்கு மேல இந்தச் சத்தம் கேட்கவே முடியாது" என்ற எண்ணம் பசங்களிடம் வலுத்தது. 10 ஆயிரத்துக்கும் 15 ஆயிரத்துக்கும் கைமாறிய வண்டிகள் அரை லட்சத்தைத் தொட்டன. ஒரிஜினல் பாகங்களோடு இருக்கும் வண்டிக்கு 1 லட்சத்தைத் தாண்டியும் விலை சொன்னார்கள்.

இதைவிட வேடிக்கை ராஜ்தூத் 350 கதை. 1983-ல் வந்த அந்த வண்டிக்கு 30 குதிரை சக்தி. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது, விலையும் கட்டுப்படியாகவில்லை என்று அப்போது ஷோரூமில் சீந்த ஆள் இல்லை. இன்றைக்கு அதற்கு லட்சங்களில் விலை சொல்கிறார்கள்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் என்று மொத்தம் 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். சென்னை, புதுச்சேரியில் இருந்து பைக்கில் கோட்டை பார்க்க வரும் கூட்டத்தைப் பார்த்ததும், "நம்ம வீட்டு வண்டிக்கும் நல்ல விலை வரும்" என்ற ஆசை இங்கேயும் பற்றிக்கொண்டது.

கேட்கும் விலை வேறு, போகும் விலை வேறு

சிக்கலே இங்கேதான். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை கொண்டுபோனால் வியாபாரிகள் விலை போடுகிறார்கள். இன்றைக்கு இந்த ரகம் என்ன விலைக்குப் போனது என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நாளைக்கு வருகிற விவசாயி அதை வைத்துக் கணக்குப் போடுவார்.

பழைய பைக்குக்கு அப்படி ஒரு களம் இல்லை. செல்போனில் ஒருவர் 1.40 லட்சம் என்று விளம்பரம் போடுகிறார். அது விலை அல்ல, அவருடைய ஆசை. அந்த வண்டி விற்றதா, எவ்வளவுக்கு விற்றது என்று யாருக்கும் தெரியாது. 85 ஆயிரத்துக்குக் கைமாறியிருந்தால் அந்த விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். விற்காத வண்டியின் விளம்பரம் மட்டும் மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். அடுத்து விற்க நினைப்பவர் கண்ணில் படுவது அதுதான். "அவரே 1.40 கேட்கிறார், நான் 1.20-க்குக் குறைக்க மாட்டேன்" என்கிறார். ஆக, விற்காத வண்டியின் விலையைப் பார்த்து விற்க வேண்டிய வண்டிக்கு விலை வைக்கிறார்கள்!

கையில் ரொக்கம் வேணும்

புது பைக் வாங்க 10 ஆயிரம் முன்பணம் இருந்தால் பைனான்ஸ்காரர் மீதியைப் பார்த்துக்கொள்வார். 30 வருஷ வண்டிக்கு எந்த பேங்க் கடன் தரும்? முழுத் தொகையையும் ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். இந்த வண்டிமேல் உயிரை விடுபவர்களில் பாதிப் பேர் 25 வயசுப் பையன்கள். கொத்தனார் வேலை, கம்பெனி வேலை, டெலிவரி வேலை பார்ப்பவர்கள். ஆசை இருக்கிறது, 1 லட்சம் ரொக்கம் இல்லை.

வாங்கிய பிறகும் செலவு நிற்பதில்லை. பெட்ரோலோடு டூ ஸ்ட்ரோக் ஆயிலும் வேணும். மைலேஜில் புது 100 சி.சி. வண்டியின் பக்கத்தில்கூட வராது. ஒரிஜினல் பாகங்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. சந்தையில் கிடைக்கும் டூப்ளிகேட் பாகத்தைப் போட்டால் வண்டியின் மதிப்பும் போச்சு, சத்தமும் மாறிப்போச்சு. இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வருகிற ஆள் பின்வாங்குகிறார்.

பேப்பர் பக்கம் பார்த்தால்...

சொந்த வண்டிக்கு ஆர்.சி. முதலில் 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த பைக் புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 1,000 ஆக்கியது. 2025 ஆகஸ்டில் 20 வருஷத்தைத் தாண்டிய பைக்குகளுக்கு 2,000 ஆக்கியது. 1996-க்கு முந்தைய ஆர்.எக்ஸ். 100 எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் தனி.

டெல்லியில் 15 வருஷத்தைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடை இங்கே இல்லை. ஆனாலும் "நம்ம ஊருக்கும் அது வந்துட்டா என்ன பண்றது?" என்ற பயம் வாங்குபவர் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய 2021-ல் தனி விதி வந்தது. ஆனால் முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே 50 வயசு ஆவது 2035-ல்தான். பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. இப்போதைக்கு அது உதவாத கணக்கு.

பெரிய தலைவலி இன்னொன்று. வண்டி அப்பா பேரில் இருக்கும். அப்பா காலமாகி 10 வருஷம் ஆகியிருக்கும். பேர் மாற்றியிருக்க மாட்டார்கள். வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் தங்கள் பேருக்கு மாற்றினால்தான் சட்டப்படி விற்கவே முடியும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இப்ப வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால் விவரம் தெரிந்தவர் 20 ஆயிரம் குறைத்துக் கேட்பார். விவரம் தெரியாதவர்தான் மாட்டிக்கொள்வார்.

சைலன்சர் மாற்றிய வண்டிக்கும் இதே கதி. சத்தம் அதிகமாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. சத்தத்துக்காகவே வாங்குகிற வண்டியில் சத்தம்தான் முதல் வில்லங்கம்!

புது வண்டி விலை இறங்கிப் போச்சு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான புது பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 1 லட்சம் விலையுள்ள வண்டி, வரியோடு 1.28 லட்சம் இருந்தது 1.18 லட்சமானது. ஒரே நாளில் 10 ஆயிரம் மிச்சம். அதே பணத்துக்குத் தவணையில், வாரன்டியோடு புது வண்டி கிடைக்கும்போது, "பொண்டாட்டி பிள்ளையோட போக எது வசதி?" என்று வீட்டில் கேள்வி வருகிறது. பழசுக்கு அடி அங்கே விழுகிறது.

போதாக்குறைக்கு, ஜாவா 2018-லும் எஸ்டி 2022-லும் பழைய பெயரில் புது வண்டியாகத் திரும்பி வந்துவிட்டன. பழைய அழகு வேணும், ரிப்பேர் தொல்லை வேண்டாம் என்பவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

இது செஞ்சி கதை மட்டும் அல்ல. வெளிநாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே கூத்துதான். கொரோனா காலத்தில் வட்டி குறைந்து கையில் பணம் புரண்டபோது ஜப்பான், ஜெர்மனி கார்களின் விலை எகிறியது. வட்டி ஏறியதும் வாங்குபவர்கள் நிதானித்தார்கள். விற்பவர்கள் மட்டும் பழைய உச்ச விலையையே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அங்கே அப்படி நின்றது பணக்காரர்களின் மூன்றாவது கார். இங்கே நிற்பது கூலிக்காரரின் சேமிப்பு.

வட்டி தின்னும் லாபம்

ஒரு கணக்கைப் பாருங்கள். பைக் வாங்கி விற்கும் ஒருவர் 60 ஆயிரத்துக்கு வண்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட், இன்ஜின் வேலை, டயர் என்று 25 ஆயிரம் போடுகிறார். மொத்தம் 85 ஆயிரம். எல்லாம் 3 வட்டிக்கு வாங்கிய பணம். மாசம் 2,550 ரூபாய் வட்டி.

முதல் மாசமே ஒருவர் 90 ஆயிரத்துக்குக் கேட்கிறார். கொடுத்தால் வட்டி போக 2,450 ரூபாய் லாபம். "1.10 வந்தால்தான்" என்று திருப்பி அனுப்புகிறார். 8 மாசம் ஓடுகிறது. வட்டி மட்டும் 20,400 ரூபாய். அடக்க விலை 1,05,400 ஆகிவிட்டது. கடைசியில் அதே 90 ஆயிரத்துக்குத் தள்ளிவிட்டால் 15,400 ரூபாய் கைநஷ்டம். இடையில் டேங்க் துருப்பிடித்து, கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் அந்தச் செலவு வேறு.

அவசரத்துக்கு விற்பவர் நிலைமை இன்னும் மோசம். மகள் காலேஜ் பீஸுக்கு ஜூன் மாசம் பணம் வேணும். 1 லட்சம் வரும் என்று நம்பி மார்ச்சில் வந்த 80 ஆயிரத்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பார். ஜூனில் புரோக்கர் வந்து 60 ஆயிரம் என்பார். வேறு வழி?

விற்பவர் கவனத்துக்கு

விளம்பர விலையைப் பார்க்காமல், உண்மையில் வண்டி விற்ற நாலு பேரிடம் "கையில் எவ்வளவு வந்தது?" என்று கேட்டு விலை வைப்பது முதல் வேலை. ஆர்.சி.யைப் புதுப்பித்து, பேர் மாற்றி, இன்சூரன்ஸ் போட்டு வைத்த வண்டிதான் சீக்கிரம் போகிறது. பெயின்டுக்குப் போடும் காசைவிட பேப்பருக்குப் போடும் காசு சீக்கிரம் திரும்பி வரும்.

வாங்குபவர் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். பழைய வண்டிகளில் இன்ஜின் மாறியிருப்பது சகஜம். ஆர்.சி.யில் அது ஏறாவிட்டால் பின்னால் வம்பு.

முக்கியமான விஷயம், படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பேர் மாறும் வரை அந்த வண்டியால் விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்லிவிட்டது. 80 ஆயிரத்துக்கு வண்டியை விற்றுவிட்டுப் பல லட்சம் நஷ்டஈட்டுக்குக் கோர்ட் படி ஏறும் நிலைமை வரலாம்.

சிங்கவரம் மலைக்கோயில் படி ஏறி ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டாலும் 90 ஆயிரம் கையில் வைத்திருப்பவர் 1.20 லட்சம் கொடுக்கப் போவதில்லை. அறுவடைக் காசு புழங்கும் தை, மாசியில் நியாயமான விலைக்குக் கேட்டு ஆள் வந்தால் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அதை விட்டால், அடுத்த மழைக்கும் வண்டி கொட்டகையில்தான்!